மலேரியா குறைந்துவிட்ட பகுதியில் பொறுப்பேற்பவர்களுக்கு: முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டியவை

மலேரியா ஆயிரக்கணக்கில் இருக்கும்போது வேலை கடுமையானது, ஆனால் குழப்பமில்லாதது. காய்ச்சல் என்று வருபவர்களில் பாதிப் பேருக்கு ஸ்லைடில், அதாவது கண்ணாடித் தகட்டில் பூசிய ரத்தத்தில், ஒட்டுண்ணி தெரியும், மருந்து வந்துகொண்டே இருக்கும், மேலதிகாரிகள் தினமும் எண்ணிக்கை கேட்பார்கள். எண்ணிக்கை பத்துக்கும் ஐந்துக்கும் இறங்கிய பிறகுதான் உண்மையான சிரமம் ஆரம்பிக்கிறது. ஆட்களை வேறு வேலைக்கு மாற்றுவார்கள், வண்டி டெங்குப் பணிக்குப் போய்விடும், பூச்சியியல் பணியிடம் காலியாகவே கிடக்கும். பொறுப்பில் இருப்பவர் கையில் ஒரு பதிவேடும் பாதி காலியான மருந்து அலமாரியும் மிஞ்சும். இந்தக் கட்டத்தில் எது எங்கே உடையும் என்று பயிற்சி வகுப்பில் யாரும் சொல்வதில்லை. ஒவ்வொருவரும் தனியாக மாட்டிக்கொண்டு, நாட்களை இழந்து, சில நேரம் நோயாளியையும் இழந்து கற்றுக்கொள்கிறார்கள். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

இலங்கையின் கதை எல்லோருக்கும் பாடமாக இருக்க வேண்டியது. 1963-ல் நாடு முழுவதும் பதிவான மலேரியா நோயாளிகள் 17 பேர்தான். முடிந்துவிட்டது என்று நினைத்துப் பூச்சிக்கொல்லித் தெளிப்பை நிறுத்தினார்கள், கண்காணிப்பும் தளர்ந்தது. 1969-ல் எண்ணிக்கை ஐந்து லட்சத்தைத் தாண்டியது. பிறகு பல பத்தாண்டு உழைப்பு. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 அக்டோபரில் பதிவானார், 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழ் கொடுத்தது. இந்த இரண்டாவது முறை, நோயாளிகள் இல்லாத மாதங்களிலும் கண்காணிப்பைத் தொடர்ந்தார்கள். பதினேழிலிருந்து ஐந்து லட்சத்துக்கு ஏற ஆறு வருடம் போதுமானதாக இருந்தது என்பதை, பணியிடக் குறைப்புக் கோப்பு மேசைக்கு வரும்போதெல்லாம் எடுத்துச் சொல்லுங்கள்.

முதலில் நாட்கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். ஃபால்சிபாரம் என்ற ஒட்டுண்ணி வகையில், கொசுவுக்குப் போகக்கூடிய பாலின வடிவங்கள் ரத்தத்தில் முதிர்ந்து தெரிவதற்குக் காய்ச்சல் தொடங்கி ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதற்குள் கண்டுபிடித்துச் சரியான மருந்தைக் கொடுத்துவிட்டால் அந்த நோயாளியிடமிருந்து கொசுவுக்குப் போவது பெரும்பாலும் தடைபடும். வைவாக்ஸ் என்ற இன்னொரு வகையில் அந்த வசதி இல்லை. காய்ச்சலோடு கூடவே, சில நேரம் அதற்கு முன்பே, கொசுவுக்குப் போகத் தயாராக இருக்கும். கொசுவுக்குள் ஒட்டுண்ணி வளர வெப்பநிலையைப் பொறுத்துச் சுமார் பத்து நாளிலிருந்து இரண்டு வாரம். அடுத்த மனிதரின் உடலில் காய்ச்சலாக வெளிப்பட மேலும் ஒன்று, இரண்டு வாரம். ஆக ஒரு நோயாளியிலிருந்து அடுத்தவருக்குக் காய்ச்சலாகத் தெரிய ஒரு மாதம்வரை ஆகலாம். நமக்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான். மருந்துக்கடையில் மூன்று நாள், தனியார் கிளினிக்கில் நான்கு நாள், லேபில் இரண்டு நாள், தபாலில் ஒரு வாரம் என்று கரைத்துவிட்டால், விசாரணைக் குழு ஊருக்குள் நுழையும்போது அடுத்த தலைமுறைத் தொற்று ஏற்கெனவே ஆரம்பித்திருக்கும். இதில் வீணாகும் ஒவ்வொரு நாளும் சாதாரண மருத்துவ அமைப்பின் ஏதோ ஒரு மேசையில்தான் வீணாகிறது. மலேரியாப் பிரிவை மட்டும் பலப்படுத்தினால் போதாது என்று சொல்வதன் காரணம் இதுதான்.

காய்ச்சல் வந்தவர் முதலில் போவது மருந்துக்கடைக்கு, இல்லையென்றால் பக்கத்து டாக்டரிடம். அங்கே மலேரியா யார் நினைவுக்கும் வருவதில்லை. இளம் மருத்துவர்களில் பலர் மலேரியா நோயாளியைப் பார்த்ததே இல்லை, அது அவர்கள் குற்றமும் இல்லை. காய்ச்சல், உடம்புவலி, பிளேட்லெட் குறைவு என்றால் டெங்கு என்று எழுதிவிடுகிறார்கள். மலேரியாவிலும் பிளேட்லெட் குறையும், அதுவும் மிகச் சாதாரணமாகக் குறையும் என்பதை ஒவ்வொரு கூட்டத்திலும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதற்குச் சுவரொட்டி உதவாது. காய்ச்சல் நோயாளியின் ஓ.பி. சீட்டிலேயே ஒரு வரி அச்சிடுவது உதவும்: கடந்த ஒரு வருடத்தில் வேறு எங்காவது இரவு தங்கினீர்களா, முன்பு மலேரியா வந்திருக்கிறதா, ரத்தம் ஏற்றினார்களா. ஒரு வருடம் என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. ஃபால்சிபாரம் பெரும்பாலும் ஊர் திரும்பிய ஓரிரு மாதங்களுக்குள் காட்டிவிடும். வைவாக்ஸ் கல்லீரலில் பதுங்கியிருந்து பல மாதம் கழித்துக்கூட எழும். 'வெளிநாடு போனீர்களா' என்று மட்டும் கேட்டால் காட்டு வேலைக்குப் போனவரும், கட்டுமான இடத்தில் தங்கியவரும், சுரங்க வேலைக்காரரும் 'இல்லை' என்பார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது பயணம் இல்லை, பிழைப்பு.

இன்னொரு வழியும் இருக்கிறது, இதை யாரும் அதிகம் செய்வதில்லை. ரத்த அணுக்கள் எண்ணும் லேபுக்கே ஓர் அதிகாரம் கொடுத்துவிடுங்கள். காய்ச்சலுடன் பிளேட்லெட் குறைந்திருந்து, சீட்டில் பயண விவரம் குறிக்கப்பட்டிருந்தால், டாக்டர் எழுதிக் கொடுக்கும்வரை காத்திராமல் அதே ரத்தத்தில் மலேரியாப் பரிசோதனையும் செய்துவிடலாம். டாக்டரின் நினைவை நம்புவதைவிட இந்த ஏற்பாடு பல மடங்கு உறுதியானது. முதல் ஸ்லைடு நெகட்டிவ் என்றதும் கோப்பை மூடிவிடக் கூடாது என்பதும் முக்கியம். சந்தேகம் வலுவாக இருந்தால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மறுபடி எடுக்க வேண்டும், இரண்டு மூன்று நாளுக்குத் தொடர வேண்டும். ஃபால்சிபாரத்தில் முதிர்ந்த ஒட்டுண்ணிகள் நுண்குழாய்களில் ஒட்டிக்கொண்டு, விரல்நுனி ரத்தத்தில் சில மணி நேரம் கண்ணில் படாமல் இருக்கும்.

தனியார் மருத்துவர்கள் தகவல் தருவதில்லை என்ற புலம்பல் எல்லா இடத்திலும் கேட்கும். சட்டம் போட்டு மிரட்டினால் நோயாளியை மறைப்பதுதான் நடக்கிறது. அவர்களுக்கு என்ன தேவை என்று பார்த்தால் பதில் எளிது. இரவு பத்து மணிக்குப் போன் செய்தால் எடுக்க ஒரு ஆள், ஸ்லைடை இலவசமாகப் பார்த்து அன்றே முடிவு சொல்ல ஒரு லேப், கடையில் கிடைக்காத மருந்தைக் கொண்டுவந்து தர ஒரு ஏற்பாடு. இவை மூன்றும் இருந்தால் அவர்களே கூப்பிடுவார்கள். இலங்கையின் மலேரியா தடை இயக்கம் மருந்தைத் தன் கையில் வைத்துக்கொண்டு, தனியார் மருத்துவமனை நோயாளிக்கும் இலவசமாகக் கொடுத்தது. மருந்து வேண்டும் என்றால் தகவல் சொல்லியே ஆக வேண்டும் என்ற நிலை தானாக வந்துவிட்டது. எத்தனையோ சுற்றறிக்கைகள் சாதிக்காததை இந்த ஓர் ஏற்பாடு சாதிக்கும்.

இனி பரிசோதனைக்கு வருவோம். ஆர்.டி.டி. எனப்படும் விரைவுப் பரிசோதனைக் கிட் எளிதானது என்று ஒரு நாள் பயிற்சியோடு விட்டுவிடுகிறார்கள், தவறெல்லாம் அங்கேதான் நடக்கிறது. உறையைப் பரிசோதனைக்குச் சற்று முன்புதான் பிரிக்க வேண்டும். ஈரக்காற்று பட்டால் உள்ளே இருக்கும் பட்டை வேலை செய்யாது. விரலில் தடவிய ஸ்பிரிட் முழுவதும் காயும்வரை பொறுக்க வேண்டும். ரத்தம் பெரும்பாலான கிட்டுகளில் 5 மைக்ரோலிட்டர்தான், அதை அளவுக்குழாயில் எடுக்க வேண்டும், விரலை நேராகக் கிட்டில் வைத்து அழுத்தக் கூடாது. ரத்தம் கூடினால் பின்னணி சிவந்து கோடு மறையும். கரைசல் தீர்ந்துபோய் வேறு கம்பெனிப் புட்டியிலிருந்தோ, குழாய்த் தண்ணீரையோ ஊற்றுவது உண்டு. அப்படிச் செய்தால் இல்லாத கோடு வரும், இருக்கிற கோடு வராது. குறித்த நேரத்தில், பெரும்பாலும் 15 முதல் 20 நிமிடத்தில், பார்த்துவிட வேண்டும். மதியம் வைத்துவிட்டு மாலையில் பார்த்த கிட்டில் கோடு தெரிந்தால் அதற்கு மதிப்பில்லை. உரிய நேரத்தில் மங்கலாகத் தெரிந்தாலும் கோடு கோடுதான், பாசிட்டிவ்தான். கட்டுப்பாட்டுக் கோடு வரவில்லையென்றால் கிட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று வைக்க வேண்டும்.

கிட்டின் எல்லைகளையும் தெரிந்திருக்க வேண்டும். ஃபால்சிபாரத்துக்குப் பயன்படும் பெரும்பாலான கிட்டுகள் எச்.ஆர்.பி.2 என்ற புரதத்தைத் தேடுகின்றன. நோயாளி குணமான பிறகும் இந்தப் புரதம் பல வாரம் ரத்தத்தில் இருக்கும். அதனால் மருந்து வேலை செய்ததா என்று பார்க்க இந்தக் கிட் உதவாது, அதற்கு ஸ்லைடுதான் வேண்டும். இதற்கு நேர்மாறான ஆபத்தும் இருக்கிறது. இந்தப் புரதத்துக்கான மரபணுவை இழந்த ஒட்டுண்ணிகள் 2010-ல் பெருவில் தெரியவந்தன, பிறகு எரித்ரியாவிலும் வேறு நாடுகளிலும் பரவலாகக் காணப்பட்டன. இவை கிட்டின் கண்ணில் படாது. கிட்டுக்குத் தப்பும் இந்த வகை 5 சதவீதத்தைத் தாண்டினால் வேறு வகைக் கிட்டுக்கு மாற வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கிட் நெகட்டிவ், ஸ்லைடில் ஃபால்சிபாரம் என்று ஒன்று வந்தால் 'கிட் கெட்டுப்போயிருக்கும்' என்று தள்ளிவிடாமல், ரத்தத்தை வடிதாளில் காயவைத்து மேல்நிலை லேபுக்கு அனுப்புங்கள்.

மைக்ராஸ்கோப் வேலையில்தான் மிகப் பெரிய இழப்பு நடக்கிறது, அது வெளியே தெரியாது. வருடக்கணக்கில் பாசிட்டிவ் ஸ்லைடே பார்க்காத ஆய்வக நுட்புநரின் கண் பழக்கம் விட்டுப்போகும். திறமையின்மை என்று இதைச் சொல்லக் கூடாது, பயிற்சி இல்லாமல் எந்தக் கண்ணுக்கும் இப்படித்தான் ஆகும். ரத்தத்தை ஸ்லைடில் கனமாகப் பரப்பும் தடித்த பூச்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதி நெகட்டிவ் முடிவுகள் கண்ணால் கெடுவதற்கு முன் பூச்சிலேயே கெட்டுவிடுகின்றன. சுமார் 6 மைக்ரோலிட்டர் ரத்தம், 12 மில்லிமீட்டர் அகல வட்டம். ஈரமாக இருக்கும்போது அடியில் செய்தித்தாளை வைத்தால் எழுத்தைச் சிரமப்பட்டாவது படிக்க முடிய வேண்டும், அதுதான் சரியான கனம். கனம் கூடினால் கழுவும்போது உரிந்து ஓடிவிடும். சமதளத்தில் காயவிட வேண்டும், ஈயும் எறும்பும் அண்டாத இடத்தில். எறும்பு பூச்சையே தின்றுவிடும். வெயிலிலோ சூடான தட்டிலோ காயவைத்தால் சிவப்பணுக்கள் அப்படியே இறுகிப்போய், சாயம் போட்டாலும் உடைந்து கரையாது, ஒட்டுண்ணி அதற்குள் மறைந்துவிடும். பக்கத்தில் இருக்கும் மெல்லிய பூச்சை இறுகவைக்க மெத்தனால் வைக்கும்போது ஒரு சொட்டோ அதன் ஆவியோ தடித்த பூச்சில் பட்டாலும் இதே கதிதான். ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து, மெல்லிய பூச்சு கீழே இருக்குமாறு மெத்தனாலில் தொட்டு எடுக்க வேண்டும்.

ஜீம்சா சாயம் 10 சதவீதமென்றால் பத்து நிமிடம், 3 சதவீதமென்றால் முக்கால் மணி நேரம். கலக்கும் நீரின் பி.எச். 7.2 இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் கலந்தால் பூச்சு முழுவதும் இளஞ்சிவப்பாகவோ அடர்நீலமாகவோ போய் உட்கரு தனித்துத் தெரியாது. மூலச் சாயப் புட்டிக்குள் ஈரமான பிப்பெட் ஒரு முறை போனால் போதும், புட்டி முழுவதும் மெல்லக் கெடும். கலந்த சாயத்தை அன்றோடு கொட்டிவிட வேண்டும். நெகட்டிவ் என்று எழுதுவதற்கு முன் எண்ணெய் லென்ஸில் குறைந்தது 100 பார்வைப் புலங்கள் பார்க்க வேண்டும், அதற்கு நிதானமாகப் பார்த்தால் பத்து நிமிடம் வரை பிடிக்கும். ஒருவர் ஒரு நாளில் நூறு ஸ்லைடு பார்த்ததாகப் பதிவேடு சொன்னால், பார்க்கவில்லை என்றுதான் பொருள். அவரைத் திட்டிப் பயனில்லை, இலக்கு வைத்தவரிடம் பேச வேண்டும். கண் பழக்கத்தைக் காக்க, வகை வகையான பாசிட்டிவ் ஸ்லைடுகளையும் நெகட்டிவ் ஸ்லைடுகளையும் கலந்து ஒரு தொகுப்பாக, விடை சொல்லாமல், ஒவ்வொரு லேபுக்கும் குறிப்பிட்ட இடைவெளியில் அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டுண்ணி மிகக் குறைவாக உள்ள ஸ்லைடும் அதில் கட்டாயம் இருக்கட்டும். முடிவைத் தண்டனைக்குப் பயன்படுத்தினால், அடுத்த முறை எல்லா லேபும் தொலைபேசியில் பேசிவைத்துக்கொண்டு ஒரே விடையை எழுதும்.

மருந்து விஷயத்தில் நோயாளி குறைவது தனிப் பிரச்சினை. கொள்முதல் விதிகள் போன வருடப் பயன்பாட்டைப் பார்த்து இந்த வருட அளவைத் தீர்மானிக்கும். போன வருடம் யாருமில்லை, ஆக இந்த வருடம் மருந்து வேண்டாம் என்று கணக்கு முடிந்துவிடும். மலேரியா மருந்தைப் பயன்பாட்டுக் கணக்கில் சேர்க்காமல், தீயணைப்புக் கருவியைப் போல எப்போதும் இருக்க வேண்டிய இருப்பாக எழுதி வாங்க வேண்டும், காலாவதியாகி வீணாகும் என்பதையும் அந்தக் கோப்பிலேயே ஒப்புக்கொண்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் தணிக்கையில் மருந்தாளுநர் தலையில் விழும், அடுத்த வருடம் அவர் பயந்து கேட்கவே மாட்டார். எல்லா மருத்துவமனையிலும் வைக்கத் தேவையில்லை. இரண்டு மூன்று மணி நேரத்தில் எந்த இடத்துக்கும் போய்ச் சேரும்படி மையங்களைத் தேர்ந்தெடுத்து, காலாவதி நெருங்கும்போது நோயாளி அதிகமுள்ள பகுதிக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆர்ட்டிசுனேட் ஊசியில் மட்டும் சமரசம் கூடாது. தீவிர மலேரியாவுக்கு கிலோவுக்கு 2.4 மில்லிகிராம், 20 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு 3 மில்லிகிராம். தொடக்கத்தில் ஒன்று, 12 மணி நேரத்தில் ஒன்று, 24 மணி நேரத்தில் ஒன்று, பிறகு தினமும். குறைந்தது 24 மணி நேரம் ஊசி கொடுத்து, வாயால் சாப்பிட முடிந்ததும் மூன்று நாள் கூட்டு மாத்திரையை முழுவதுமாகக் கொடுத்தாக வேண்டும். பல வார்டுகளில் ஊசியோடு நிறுத்திவிடுகிறார்கள், காய்ச்சல் திரும்பி வருகிறது. ஊசி போட்டு ஒன்று முதல் நான்கு வாரத்துக்குள் சிலருக்குச் சிவப்பணுக்கள் சிதைந்து ரத்தம் குறையும். டிஸ்சார்ஜ் சீட்டில் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டிய தேதியை எழுதாமல் அனுப்பக் கூடாது.

வைவாக்ஸ் நோயாளியைக் குணப்படுத்துவதில் உண்மையான போராட்டம் ப்ரைமாகுயின் மாத்திரைதான். மூன்று நாளில் காய்ச்சல் போய்விடும், கல்லீரலில் பதுங்கியிருப்பதை ஒழிக்கப் பதினான்கு நாள் மாத்திரை போட வேண்டும், வழக்கமாகக் கிலோவுக்கு 0.25 மில்லிகிராம். உடம்பு நன்றாக இருக்கும்போது யார் பதினான்கு நாள் மாத்திரை போடுவார்கள்? பாதியில் நிறுத்தியவர் சில வாரமோ மாதமோ கழித்து மறுபடி காய்ச்சலோடு வருவார், நடுவில் கொசுக்களுக்கும் கொடுத்துவிட்டிருப்பார். தினமும் ஒருவர் கண்முன் விழுங்க வைப்பதுதான் தீர்வு. அந்த ஒருவர் களப்பணியாளராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, வேலையிட மேற்பார்வையாளர் பார்க்கலாம், வீடியோ அழைப்பில் பார்க்கலாம். உணவுக்குப் பின் போடச் சொல்லுங்கள், வயிற்றுவலியால் நிறுத்துவது குறையும். சிவப்பணுவைக் காக்கும் ஜி6பி.டி. என்ற நொதியின் குறைபாடு இருப்பவருக்கு இதே மாத்திரை ரத்தச் சிதைவை உண்டாக்கும். பரிசோதனை செய்த பிறகே தொடங்குவது நல்லது, அதற்கு வசதியில்லாத இடத்தில் முதல் வாரம் சிறுநீர் நிறம் பார்க்கச் சொல்லுங்கள், கறுத்துப் போனால் உடனே நிறுத்திவிட்டு வர வேண்டும். குறைபாடு உள்ளவருக்கு மருத்துவக் கண்காணிப்பில் கிலோவுக்கு 0.75 மில்லிகிராம் வாரம் ஒரு முறை, எட்டு வாரம் என்ற வழி இருக்கிறது. கர்ப்பிணிக்கு இந்த மாத்திரை கூடாது. பிரசவம் முடிந்து, தாய்ப்பாலையும் குழந்தையின் வயதையும் கணக்கில் வைத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். அந்தப் பெயர் மலேரியாப் பதிவேட்டிலிருந்து தாய்சேய் நலப் பதிவேட்டுக்குப் போகாவிட்டால், பெரும்பாலும் போவதில்லை, அவர் மறக்கப்படுவார்.

இனி அறிவிப்பும் விசாரணையும். சீனா 2021 ஜூன் மாதம் சான்றிதழ் பெற்றதற்குப் பின்னால் 1-3-7 என்ற ஒழுங்கு இருந்தது: ஒரு நாளுக்குள் தகவல், மூன்று நாளுக்குள் நோயாளி விசாரணை, ஏழு நாளுக்குள் தொற்று நடந்த இடத்தில் நடவடிக்கை. கேட்க எளிது. நடைமுறையில் முதல் நாளே தடுக்கும் காரணம் வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் அது உண்மை: சனிக்கிழமை மாலை பாசிட்டிவ் வந்தால் யாரிடம் சொல்வது என்று லேபுக்குத் தெரியாது. பதவிப் பெயரைச் சுவரில் ஒட்டாமல், விடுமுறை நாளிலும் எடுக்கப்படும் ஒரே எண்ணை ஒட்டுங்கள். ஆள் மாறினாலும் எண் மாறக் கூடாது. விசாரணைக்குப் போகிறவர் படிவத்தை நிரப்பும் எண்ணத்தோடு போகாமல், நோயாளி கடைசி ஒரு மாதம் எந்தெந்த இரவு எங்கே தூங்கினார் என்று பின்னோக்கிக் கேட்டுக்கொண்டு வர வேண்டும். சம்பள நாள், திருவிழா, வேலை மாறிய நாள் என்று நினைவுக்குப் பிடிமானம் கொடுத்துக் கேட்டால் விவரம் வரும். யாரோடு தங்கினார், அவர்களில் யாருக்குக் காய்ச்சல், வலைக்குள் தூங்கினாரா, இரவு வெளியே வேலையா. சட்டவிரோதச் சுரங்கத்திலோ காட்டிலோ வேலை பார்த்தவர் பயத்தில் வேறு இடம் சொல்லுவார். சீருடையோ அரசு ஜீப்போ இல்லாமல் தனியாக உட்கார்ந்து பேசினால்தான் உண்மை வரும்.

வகைப்படுத்துவதில் ஒரு மோகம் இருக்கிறது, இதைச் சொல்லும்போது வருத்தமாகவே இருக்கிறது. வெளியிலிருந்து வந்த தொற்று என்று எழுதினால் எல்லோருக்கும் நிம்மதி. உள்ளூர்த் தொற்று என்று எழுதினால் கூட்டம், விளக்கம், கேள்வி. உள்ளூர்த் தொற்று ஒன்றுகூட இல்லாமல் தொடர்ந்து மூன்று வருடம் போனால்தான் சான்றிதழுக்கே விண்ணப்பிக்க முடியும் என்பதால் இந்த அழுத்தம் மேலிருந்தே வருகிறது. வெளியூரில் தொற்று நடந்ததற்கான தேதிகள் பொருந்தாவிட்டால் உள்ளூர் என்றே எழுத வேண்டும். ஃபால்சிபாரம் நோயாளி ஆறு நாளுக்கு முன்புதான் ஊரை விட்டுப் போய், நேற்றுத் திரும்பி, இன்று காய்ச்சலோடு படுத்தால் அவர் பெரும்பாலும் ஊரில் இருந்தபோதே தொற்றிக்கொண்டவர், தொற்றியதிலிருந்து காய்ச்சல் தெரியவே பெரும்பாலும் ஒரு வாரத்துக்கு மேல் வேண்டும். வகைப்படுத்தும் முடிவை அந்தப் பகுதி அதிகாரி தனியாக எடுக்காமல், வேறு பகுதியைச் சேர்ந்த சிலர் கொண்ட குழு தாள்களைப் பார்த்து எடுப்பதுதான் நியாயம்.

நோயாளியைச் சுற்றி என்ன செய்வது என்பதில் பதறிப்போய் ஊர் முழுக்கப் புகை அடிப்பதைப் பார்க்கிறோம். மலேரியாவுக்கு அதனால் பெரிய பயன் இல்லை, மக்களுக்கு ஏதோ நடக்கிறது என்று காட்டத்தான் உதவும். அந்த எரிபொருளில் குழுவை அனுப்பி, உடன் தங்கியவர்கள், உடன் வேலை பார்த்தவர்கள், அக்கம்பக்கத்தார் எல்லோருக்கும் ரத்தம் எடுப்பது மேல். அதே பயணத்துக்குப் போய் வந்த கூட்டாளிகள் பக்கத்து வீட்டுக்காரரைவிட முக்கியம், அவர்கள் இப்போது வேறு மாவட்டத்தில் இருந்தாலும். வீட்டுச் சுவரில் பூச்சிக்கொல்லி தெளிப்பதானால் தெளிப்பான் முனை சுவரிலிருந்து 45 செ.மீ. தூரம், பட்டை 75 செ.மீ. அகலம், ஒவ்வொரு பட்டையும் முந்தையதன் மேல் 5 செ.மீ. ஏற வேண்டும். முனை தேய்ந்தால் மருந்து கொட்டும், அழுத்தம் குறைந்தால் சுவரில் ஒட்டாது. தெளித்த வாரமே சுவரைப் பூசி மெழுகிவிட்டால் அத்தனை உழைப்பும் மண்ணுக்கடியில் போகும், அதனால் விழாக் காலத்துக்கு முன்பா பின்பா என்று மக்களிடம் கேட்டுத் தேதி வையுங்கள். அந்தப் பகுதிக் கொசு அந்த மருந்துக்குச் சாகிறதா என்று பார்க்காமல் தெளிப்பதும் வீண். சோதனையில் 90 சதவீதத்துக்குக் குறைவாகச் செத்தால் எதிர்ப்புத் திறன் வந்துவிட்டது என்று கொள்ள வேண்டும்.

பூச்சியியலாளர் இல்லாத அமைப்பு எதை இழக்கும் என்பதற்கு ஸ்டீபென்சி கொசு நல்ல எடுத்துக்காட்டு. கிணற்றிலும், மேல்நிலைத் தொட்டியிலும், கட்டுமான இடத் தண்ணீரிலும் வளரும், மலேரியா பரப்பும் அனாஃபிலிஸ் இனத்தைச் சேர்ந்த இந்தக் கொசு 2012-ல் ஆப்பிரிக்க நாடான ஜிபூட்டியில் தென்பட்டது. அங்கே அதற்குப் பின் மலேரியா பல மடங்கு உயர்ந்தது. இலங்கையில் சான்றிதழ் வாங்கிய அதே 2016-ன் கடைசியில் மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. நோயாளி யாரும் இல்லாத நேரத்திலும் கிணற்றுக்குள் வலையிட்டு லார்வாவைப் பிடித்துப் பார்த்தவர்கள் இருந்ததால்தான் அது தெரிந்தது. டெங்குவுக்காக வீடு வீடாகப் போகிறவர்களுக்கு அனாஃபிலிஸ் லார்வா நீர்மட்டத்துக்கு இணையாகப் படுத்திருக்கும், டெங்கு பரப்பும் ஏடிஸின் லார்வா தலைகீழாகத் தொங்கும் என்ற ஒரே வேறுபாட்டைச் சொல்லிக்கொடுத்து, கையில் ஒரு குப்பியையும் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. பணிகளை ஒருங்கிணைப்பதில் இது பலன் தரும் இடம்.

ஒருங்கிணைப்பு என்ற பெயரில் எதையெல்லாம் கலைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காய்ச்சலைப் பார்ப்பது, ரத்தம் எடுப்பது, மாத்திரை கொடுப்பது, வீட்டுக்குப் போவது இவையெல்லாம் பொது அமைப்போடு சேரலாம், சேர வேண்டும். மேல்நிலை ஆய்வகம், பூச்சியியல் குழு, தகவல் வந்தவுடன் கிளம்பும் அதிகாரமும் வண்டியும் உள்ள ஓர் ஆள், தனித் தலைப்பில் நிற்கும் சிறிய நிதி, இந்த நான்கும் தனியாகவே இருக்க வேண்டும். பொது நிதியில் கரைத்துவிட்டால் டெங்குப் பருவத்தில் அது காணாமல் போகும். எண்ணிக்கை குறைந்ததும் வெளி நன்கொடையும் விலகும். அதற்கு இரண்டு மூன்று வருடம் முன்பே, பணியிடங்களை ஒவ்வொன்றாக அரசுச் சம்பளத்துக்கு மாற்றத் தொடங்காவிட்டால், பயிற்சி பெற்றவர்கள் வேறு வேலைக்குப் போன பிறகு கோப்பு வந்து சேரும்.

மாத அறிக்கையில் பூஜ்யம் வந்தால் அதை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்: பரிசோதித்துக் கிடைக்காத பூஜ்யம், பரிசோதிக்காததால் வந்த பூஜ்யம். எத்தனை பேருக்கு ரத்தம் எடுத்தார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் போதாது. இலக்கை எட்ட வேண்டும் என்று காய்ச்சலே இல்லாத பள்ளிப் பிள்ளைகளிடம் ஸ்லைடு எடுத்துக் குவிப்பார்கள். காய்ச்சலோடு வந்தவர்களில், அதிலும் வெளியே தங்கி வந்தவர்களில், எத்தனை பேருக்கு எடுத்தார்கள், காய்ச்சல் தொடங்கி எத்தனையாவது நாளில் எடுத்தார்கள் என்ற இரண்டு பத்திகளைப் படிவத்தில் சேருங்கள். அறிக்கை அனுப்பாத நிலையத்தைப் பூஜ்யம் என்று கணினி தானாக நிரப்பும்படி வைத்திருந்தால் இன்றே அதை நீக்கச் சொல்லுங்கள், அந்தக் கட்டம் காலியாகத் தெரிய வேண்டும். வருடத்தில் ஒரு முறையாவது, முன்னறிவிப்பு இல்லாமல், ஒரு பழைய பாசிட்டிவ் ஸ்லைடைக் கற்பனை நோயாளியின் பெயரில் ஒரு சிறிய மருத்துவமனை லேபுக்கு அனுப்பி, அது கண்டுபிடிக்கப்பட்டு, எண்ணுக்கு அழைப்பு வந்து, மருந்து கிளம்ப எத்தனை மணி நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஸ்லைடு வழியில் எந்த மேசையில் நின்றுபோனதோ, அடுத்த மூன்று மாத வேலையை அந்த மேசையில் தொடங்கலாம்.